பிடுங்காமல் விட்ட ஆண் செடி

இந்தக் கோடையில் விடிந்ததும் நான் செய்த முதல் வேலை, வாசிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்வளவில் முழங்காலில் நின்று கஞ்சாச் செடியின் கணுவைப் பார்ப்பது. அது ஆணா பெண்ணா என்று தெரிய வேண்டும். ரொறன்ரோவில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற, அறுபதை நெருங்குகிற ஒருவனுக்கு இப்படி ஒரு காலைக் கடமை வரும் என்று என் சாதகம் எழுதியவர் நினைத்திருக்க மாட்டார். ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்கள் முகத்தைச் சுளிக்க வேண்டாம். இங்கே ஒரு வீட்டுக்கு நாலு செடி வளர்க்கலாம் என்று அரசாங்கமே விட்டிருக்கிறது. ஸ்காபரோவில் எங்கள் வெக்ஸ்போர்ட் வீட்டில் நின்றதும் நாலே நாலுதான். கறுப்புச் சாடிகளில், பாகல் பந்தலுக்குப் பக்கத்தில், நல்ல பிள்ளைகளாக நின்றன.

செடி என் மனைவி வதனிக்காக வந்தது. போன மாரிக் குளிரில் அவளுக்கு மார்பில் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். கீமோ ஏற்ற ஏற்ற மயிர் கொட்டியது, வாய் புண்ணானது, அதையெல்லாம் அவள் தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாமல் போனது கால் எரிவு. மருந்து நரம்பைத் தின்றுவிட்டது என்றார் டொக்டர். உள்ளங்கால் இரண்டிலும் தணல் வைத்த மாதிரி இருக்கிறது என்பாள். நித்திரை இல்லை. எரிவுக்குத் தந்த குளிசையைப் போட்டால் பேச்சுக் குழறி, பகல் முழுக்கச் சுவரைப் பார்த்தபடி இருப்பாள். இன்னும் மூன்று தரம் கீமோ ஏற்ற இருந்தது. அடுத்ததை ஓகஸ்ட் கடைசிவரை தள்ளிப் போட்டிருந்தார்கள். ஒருநாள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது வதனி சொன்னாள்: "உந்தக் கால் எரிவு குறைஞ்சால் மிச்சத்தையும் ஏத்துவன். இல்லையெண்டால் எனக்கு ஏலாது. என்னை ஒருத்தரும் வற்புறுத்தக் கூடாது."

பக்கத்து நகரமான அஜக்ஸில் இருக்கும் எங்கள் ஒரே மகள் அபி சும்மா இருப்பாளா? கடையில் விற்கிற கஞ்சா எண்ணெய்களில் நாலைந்து வாங்கி வந்தாள். ஒன்று தலையைச் சுற்றியது, மற்றவை ஒன்றும் செய்யவில்லை. பிறகு அவளுடன் வேலை செய்கிற சிநேகிதி ஒருத்தி, தன் தாய்க்கு இதே எரிவுக்கு வீட்டில் வளர்த்த ஒரு சாதிச் செடி கேட்டது என்று, மிஞ்சியிருந்த நாலு விதையைக் கொடுத்தாள். வதனி முதலில் துள்ளி எழுந்தாள். "கோயிலுக்குப் போற வீட்டில கஞ்சாவோ? ஆராவது கண்டால் என்ன சொல்லுவினம்?" என்றாள். ஊரில் தன் தாய்வீட்டு ஒழுங்கையில் ஒருவரைப் பொலிஸ் இதற்காகப் பிடித்துப்போய், அந்த வீட்டுப் பெட்டைக்குக் கலியாணம் பேசவே ஆட்கள் வராமல் போன கதையையும் எடுத்தாள். கடைசியில் சாமியறை ஜன்னலால் பார்த்தால் சாடிகள் தெரியக் கூடாது என்ற நிபந்தனையோடு சம்மதித்தாள். அந்தளவுக்கு அவளுக்கு எரிந்தது.

அபி விதை போட்ட அன்று எனக்கு வகுப்பு எடுத்தாள். மற்றக் கஞ்சாச் செடிகள் பகல் குறுகும்வரை பூக்காமல் காத்திருக்குமாம். இது அப்படியில்லை. வெயில் கூடினால் என்ன குறைந்தால் என்ன, மூன்று நாலு கிழமையில் தானாகவே வயதுக்கு வந்துவிடும். இரண்டரை மாதத்தில் அறுக்கலாம், கீமோ நாளுக்குச் சரியாக இருக்கும். "அப்பா, லிஸின். கொப்பு பிரியிற இடத்தில பாருங்கோ. ரெண்டு வெள்ளை மயிர் வந்தால் ஃபீமேல், அதை விடுங்கோ. சின்ன உருண்டை வந்தால் மேல், ஆண். உடன பிடுங்கி எறியுங்கோ. ஒரு நாளும் வைச்சிருக்காதேங்கோ, ஓகே?" நான் ஓம் என்றேன். பிள்ளை சொல்லும்போது தலையாட்டுவது எனக்குக் கைவந்த கலை.

நாலாவது கிழமை தொடங்கியதும் ஒரு செடியில் உருண்டை வந்தது. மிளகிலும் சின்னதாக, ஒரு காம்பில் தொங்கியது. அடுத்தடுத்த நாட்களில் மற்ற மூன்றிலும் வெள்ளை மயிர் எட்டிப் பார்த்தது. ஒன்று ஆண், மூன்று பெண். நான் ஆணின் அடித்தண்டைப் பிடித்தேன். இழுக்க மனம் வரவில்லை.

இதை விளங்க வேண்டுமென்றால் எங்கள் ஆட்களின் பின்வளவுகளை நீங்கள் அறிய வேண்டும். ஸ்காபரோவில் பாகலும் பூசணியும் போடாத தமிழ் வீடு குறைவு. ஆனால் வண்டும் தேனீயும் போதாது, பூ காய்க்காமல் கொட்டிவிடும். ஆகவே காலையில் நாங்களே ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிள்ளி எறிந்துவிட்டு, பெண் பூவின் நடுவில் தொட்டுவிடுவோம். கோயில் வாசலில் சந்தித்தால் "இண்டைக்கு எத்தினை பூத் தொட்டனீங்கள்?" என்று கேட்பது எங்களுக்குள் வழக்கம். இருபது வருடமாகத் தொட்டு வருகிறேன். பந்தல் நிறையக் காய்க்க வைத்த எனக்கு, ஆணைப் பிடுங்கு என்று போனில் பார்த்து இங்கே பிறந்த பிள்ளை சொல்லித் தருகிறதா என்று ஒரு நினைப்பு. ஆண் இல்லாமல் எப்படிக் காய் வரும்? காய் வராமல் மருந்து எப்படி வரும்? வதனிக்கு நிறையக் காய்க்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். அதுதான் உண்மை.

வதனியிடம் மெல்லச் சொன்னபோது "பிள்ளை சொன்னதைச் செய்யுங்கோவன்" என்றாள். அபி போனில் கேட்டபோது "பிடுங்கிட்டன்" என்றேன். ஞாயிற்றுக்கிழமை அவள் வரமுதல் ஆண் சாடியைத் தூக்கி ஷெட்டின் பின்பக்கம் ஒளித்து வைத்தேன். அவள் மூன்று பெண் செடிகளையும் எண்ணிப் பார்த்து, என்னைக் கட்டிப் பிடித்துவிட்டுப் போனாள்.

ஷெட்டின் பின்பக்கம் பக்கத்து வீட்டு வேலி. அங்கே ஒரு கிரேக்கக் கிழவர் தக்காளி போடுகிறவர். எனக்கும் அவருக்கும் பொதுவான ஆங்கிலம் இருபது சொல்தான் இருக்கும். ஒருநாள் அவர் வேலிக்கு மேலால் ஆண் செடியைக் காட்டி, கழுத்தை அறுப்பது போல விரலை இழுத்து, "நோ குட். அவுட், அவுட்" என்றார். மணம் பிடிக்கவில்லை, எங்கேயோ முறைப்பாடு செய்யப் போகிறார் என்றே எடுத்துக்கொண்டேன். சோதனைச் சாவடிகளில் பழகிய உடம்பு, சட்டம் எங்கள் பக்கம் இருந்தாலும் பயப்படும். "ஸொறி, ஸொறி" என்று சொல்லி, உள்ளே ஓடிப்போய் ஒரு பை முளைக்கீரை கொண்டுவந்து நீட்டினேன். அவர் கீரையை வாங்கிக்கொண்டு மறுபடியும் செடியைக் காட்டினார். நான் மறுபடியும் ஸொறி சொன்னேன். கையை விரித்துவிட்டுப் போய்விட்டார். நல்லது சொல்ல வந்த மனிதரைக் கீரை கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

ஆண் பூ விரிந்தபோது, அபி பள்ளிக்கூடத்தில் பாவித்த பழைய தூரிகை ஒன்றை எடுத்தேன். மஞ்சள் மகரந்த மா நன்றாக ஒட்டியது. மூன்று பெண் செடிகளுக்கும், ஒரு கொப்பும் விடாமல், பொறுமையாகத் தொட்டேன். தொடும்போது என் மனதில் இருந்தது சந்தோசம் என்பதை இப்போது எழுதவே கூசுகிறது. பாகலுக்குக்கூட இவ்வளவு அக்கறையாகத் தொட்டதில்லை. அலுவல் முடிந்ததும் ஆண் செடியை வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டேன். கிழவர் வேலிக்கு அப்பால் நின்று சிரித்துக் கட்டைவிரலைக் காட்டினார்.

பூக்கள் பருத்தன. ஓகஸ்ட் தொடக்கத்தில் ஒரு ஞாயிறு அபி குனிந்து ஒரு பூவை நகத்தால் நசித்தாள். உள்ளேயிருந்து பச்சை விதை ஒன்று துள்ளி விழுந்தது. இன்னொன்றை நசித்தாள், அதிலும் விதை. "அப்பா, அந்த மேல் செடியைப் பிடுங்கினீங்கள்தானே?" என்றாள். நான் பெருமையாக எல்லாவற்றையும் சொன்னேன். "பாத்தியே, எவ்வளவு காய்ச்சிருக்கு" என்றும் சொன்னேன்.

அவள் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மெதுவாகத்தான் சொன்னாள். "அப்பா, மெடிசின் காயில இல்லை. பூவில. ஆண் பூவின்ர மா படாமல் இருந்தால்தான் பூ மருந்துப் பிசினைச் சுரந்துகொண்டே இருக்கும். விதை வந்தால் அதுக்குப் பிறகு எல்லாச் சத்தும் விதைக்குப் போயிடும்." நான் இன்னொன்று போடுவோம் என்றேன். உள்ளுக்குள் லைட் போட்டு வளர்த்தாலும் இரண்டரை மாதம் என்றாள், அம்மாவின் கீமோவுக்கு மூன்று கிழமைதான் இருக்கிறது என்றாள். "இட்ஸ் ஓகே, அப்பா" என்று என் தோளைத் தட்டிவிட்டு வெளியே போனாள். பத்து நிமிடத்துக்குப் பிறகு எட்டிப் பார்த்தேன். காரை ஸ்டார்ட் பண்ணாமல், ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு இருந்தாள்.

எனக்கு யாழ்ப்பாண ஆஸ்பத்திரி நினைவுக்கு வந்தது. நாங்கள் கலியாணம் கட்டிய புதிதில் வதனியின் கெண்டைக்காலில் ஷெல் துண்டு பாய்ந்தது. யுத்தத்தில் ஊருக்கு மருந்துகள் வர விடாத காலம். விறைப்பூசி இல்லை என்றார்கள். நான் அவள் தோளை அமர்த்திப் பிடிக்க, டொக்டர் தைத்தார். அவள் என் சேட்டுக் கையைக் கடித்துக் கிழித்துவிட்டாள். அன்றைக்கும் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆனால் அன்றைக்குத் திட்ட எனக்கு ஆட்கள் இருந்தார்கள். தடை போட்டவர்களை, குண்டு போட்டவர்களை, கப்பலை மறித்தவர்களை எல்லாம் வாய் நோகத் திட்டினேன். இங்கே யாரைத் திட்டுவது? மருந்து என் வீட்டுப் பின்வளவில் வளர்ந்தது. தடுத்தவன் நான்.

இருந்ததை அறுத்துக் காயவைத்து, அபி எப்படியோ எண்ணெய் எடுத்தாள். வதனி நாக்குக்குக் கீழே விட்டுப் பார்த்தாள். முதல் நாள் "கொஞ்சம் பரவாயில்லை" என்றாள். இரண்டாம் நாளும் அதையே சொன்னாள். என்னைக் காப்பாற்றத்தான் சொல்கிறாள் என்று அவள் நடையிலேயே தெரிந்தது. ஐந்தாம் நாள் போத்தலை மூடி மேசையில் வைத்தாள். அபி மறுபடி கடைகளுக்கு ஓடினாள், டொக்டரிடம் சண்டை பிடித்தாள், அவர் கீமோ மருந்தின் அளவைக் குறைத்துப் பார்க்கலாம் என்றார். வதனி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு "காணும், பிள்ளை. இனிக் கீமோ வேண்டாம்" என்றாள். என் பக்கம் திரும்பி, "உங்களில எனக்கு ஒரு கோவமும் இல்லை, கண்டியளோ" என்றாள். அதைவிட அவள் என்னை அடித்திருக்கலாம். விதைகளை அபி ஒரு வெறும் குளிசைப் போத்தலில் போட்டு வைத்திருக்கிறாள். முன்னூறுக்குக் குறையாது. சட்டப்படி நாலு போடலாம்.

கீமோவுக்குக் குறித்த நாள் வந்தது, போனது. அடுத்த ஞாயிறு காலை நான் வீட்டு முன்புல்லில் நிற்கும்போது சாவகச்சேரியிலிருந்து வதனியின் தமக்கை வீடியோவில் வந்தார். கீமோவை நிறுத்திய விசயம் அவருக்குத் தெரியாது. சொல்ல வேண்டாம் என்பது வதனியின் கட்டளை. "எங்க தம்பி, உங்கட றோட்டை ஒருக்காக் காட்டுங்கோ பாப்பம்" என்றார். நான் போனைத் திருப்பி வீதியைக் காட்டினேன். மேப்பிள் மரங்கள், வெட்டிய புல், வரிசையாகக் கார்கள். "என்ன வடிவான இடம். கனடாவில இல்லாத மருந்தே தம்பி? ஒண்டுக்கும் யோசியாதேங்கோ, அவள் எழும்பிடுவாள்" என்றார்.

"ஓம் அக்கா."

"எங்க அவள்? ஒருக்காக் காட்டுங்கோவன்."

ஈரத் துவாய் சுற்றிய கால்களைக் கதிரையில் தூக்கி வைத்தபடி, முன் ஜன்னலுக்குள் இருந்து வதனி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று தலையை மட்டும் அசைத்தாள்.

"நித்திரை, அக்கா" என்றேன். "நல்ல நித்திரை." போன் தமக்கைக்கு வீதியைக் காட்டிக்கொண்டே இருந்தது. நான் வீட்டைப் பார்த்தபடி நின்றேன்.