நாற்பத்திரண்டாம் பக்கம்

நான் அருப்புக்கோட்டையில் கல்லூரி ஆசிரியர். திருச்சுழிக் கண்மாய்களைப் பற்றி என் மாணவி முத்துமாரி ஆய்வேடு எழுதினாள். எங்கள் கல்லூரி விடுதியே ஒரு கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்காலை மறித்துக் கட்டியது என்று நாற்பத்திரண்டாம் பக்கத்தில் இருந்தது.

“அந்தப் பக்கத்தை எடுத்துடு, கையெழுத்துப் போடுறேன்” என்றேன். எடுத்தாள், பக்க எண்களை மட்டும் மாற்றவில்லை.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்திருந்த பேராசிரியர், “நாப்பத்திரண்டு எங்கம்மா?” என்றார். அவள் என்னைக் காட்டிக்கொடுக்காமல் நின்றாள். அதுதான் என்னைச் சுட்டது.

“நான்தான் சார் எடுக்கச் சொன்னேன். நிர்வாகத்துக்குப் பயந்துட்டேன்.”

அவர் அவளிடம் திரும்பினார். “அப்ப நீயே சொல்லும்மா, கேப்போம்.”

ஒன்றும் விடாமல் சொன்னாள். அந்தப் பக்கத்தைச் சேர்த்து மறுபடி பைண்டிங் செய்தோம்.

இப்போது அது நூலகத்தில் இருக்கிறது. பிள்ளைகளின் கைபட்டு நாற்பத்திரண்டாம் பக்கம் மட்டும் அழுக்கேறியிருக்கிறது. அந்த அழுக்கைப் பார்த்தால் எனக்குத் தெம்பாக இருக்கிறது.