மலை ஏறாத ஆக்சில்

என் கையெழுத்து கோணலாக இருக்கும். எழுத்துப் பிழையும் நிறைய இருக்கும். ஒற்று எங்கே வரும், எங்கே வராது என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு ஸ்பேனரைப் பிடித்தவன் நான். பில்லைத் தவிர வேறெதுவும் எழுதியதில்லை. வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பேட்டைக்குப் போகிற சாலையில் என் ஒர்க்‌ஷாப் இருக்கிறது. பழைய அம்பாசிடர் கார்கள்தான் என்னிடம் அதிகம் வரும். எனக்கு ஆட்களோடு பேச வராது. வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டால் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. இந்தத் தொழில் எனக்கு ஒத்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

பாளையங்கோட்டை அண்ணாச்சி ஒருவர் இருபது வருடமாக என்னிடம்தான் வண்டி விடுவார். கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வெளிர் பச்சை அம்பாசிடர். மாதம் தவறாமல் அமாவாசைக்கு அவருடைய வீட்டுக்கார அம்மாவை, அதாவது மதினியை, ஏற்றிக்கொண்டு பாபநாசம் தாண்டி காரையாற்றுக் கோயிலுக்கு மலை ஏறுவார். மதினிக்கு முழங்கால் வலி. பஸ் படியில் கால் வைப்பதே கஷ்டம். மகள் வீடு மதுரையில் இருந்ததால் வருடத்துக்கு மூன்று தடவை அங்கேயும் போவார்கள்.

மதுரைக்குப் போகிற நாலுவழிச் சாலையில் வேகம் அறுபதைத் தாண்டினால் பின் ஆக்சில் ஊளையிடும். அவருடைய சிநேகிதர் ஒருவர், பிந்தி வந்த மாடலின் ஆக்சிலை மாட்டினால் சத்தம் போய்விடும், வண்டி வழுக்கிக்கொண்டு ஓடும் என்று சொல்லிவிட்டார். அப்படி ஒரு ஆக்சில் என் ஒர்க்‌ஷாப் மூலையிலேயே கிடந்தது. உடைத்துப் போட்ட ஒரு வண்டியிலிருந்து வந்தது. இரண்டு வருடமாக அதை யாரும் கேட்கவில்லை.

எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டே அண்ணாச்சி கேட்டார்: “செலவு பெருசா இருக்கு. இது தேவைதானாவே? உள்ளதச் சொல்லும்.”

எனக்கு விடை தெரியும். அந்த ஆக்சிலின் பல் கணக்கு வேறு. சமதளத்தில் இன்ஜின் நிதானமாகச் சுற்றும், சக்கரம் வேகமாக ஓடும். ஆனால் ஏற்றத்தில் இழுவை இருக்காது. சைக்கிளில் பின்னால் சின்னப் பல்சக்கரத்தைப் போட்டுக்கொண்டு மேடு ஏறுகிற மாதிரி. அவருடைய இன்ஜின் பழையது, அதற்குத் தாங்காது. மதுரைக்கு வருடத்தில் மூன்று தடவை, மலைக்குப் பன்னிரண்டு தடவை. இருக்கிற ஆக்சிலுக்கே பேரிங் மாற்றிப் பல்லைச் சரியாகப் பொருத்தினால் சத்தம் பாதிக்கு மேல் குறையும். மிச்சச் சத்தத்தோடு ஓட்டிக்கொள்ளலாம்.

இவ்வளவும் மனதில் ஓடியது. வாயில் வந்தது, “செய்யலாம் அண்ணாச்சி” என்பது மட்டும்தான். யார் எது கேட்டாலும் நான் சொல்கிற பதில் அது. பக்கத்தில் நாலு பேர் இருந்தார்கள், பெரிய மனுஷரை மறுத்துப் பேசக் கூச்சமாக இருந்தது என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூலையில் கிடந்த ஆக்சில் போனால் போதும் என்ற எண்ணமும் இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

நாலு நாளில் மாட்டி முடித்தேன். ஸ்பிரிங் உட்காருகிற இடத்தை வெட்டிப் பற்றவைக்க வேண்டியிருந்தது. கழற்றிய சாமான் மெக்கானிக்குக்கு என்பது எங்கள் தொழிலில் வழக்கம். பழைய ஆக்சிலை அந்த வாரமே இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிட்டேன்.

அடுத்த அமாவாசை கழிந்து இரண்டாம் நாள் அண்ணாச்சி வந்தார். வழக்கமாக வந்ததும் பானட்டைத் தட்டி ஏதாவது கேலி பேசுவார். அன்றைக்கு ஸ்டூலில் உட்கார்ந்தே இருந்தார்.

“பாபநாசம் செக்போஸ்ட் தாண்டி மலை வளைவுல நின்னு போச்சுவே. முதல் கியர் போட்டும் ஏறல. கிளட்ச் தீயுத வாடை. அவள இறக்கி நடக்க விட்டுட்டேன். அந்தக் காலோட நடந்தா. பின்னால பஸ்காரன் சொல்லுதான், ‘ஏ பெருசு, ஓட்டத் தெரியலன்னா பேசாம வீட்டுல கெட. ஊரையே நிறுத்திப் போட்டிருக்க’ன்னு.”

சிரித்துக்கொண்டே சொன்னார். சிரிப்பு முகத்தில் நிற்கவில்லை.

“நீரு ஒரு தடவ ஓட்டிப் பாரும்.”

பேட்டை வரைக்கும் ஓட்டினேன். சமதளம். வெண்ணெய் மாதிரி ஓடியது. ஓடும் என்று தெரிந்துதான் அந்தப் பக்கம் எடுத்துப் போனேன். திரும்பி வந்து, “வண்டியில ஒண்ணும் இல்ல அண்ணாச்சி” என்றேன்.

“அப்ப கோளாறு எனக்குத்தான்” என்று அவர் தன் இடது காலைத் தட்டினார். “வயசாயிட்டுல்லா. கிளட்ச்ச எங்க விடணும்னு காலுக்குத் தெரியல.”

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் கழிவுத்துணியால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைக்க அழுக்கே இல்லை.

அதன்பிறகு அவர் மலைக்கு வண்டி எடுக்கவில்லை. கொஞ்ச நாளில் ஊருக்குள்ளும் எடுக்கவில்லை. கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுகிற ஒருவருக்கு வண்டியைக் கொடுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். ஒரு அமாவாசை அன்று காலையில் ஜங்ஷனில் அவர்கள் இரண்டு பேரையும் பார்த்தேன். பாபநாசம் பஸ். மதினி கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறுவதற்குள் கண்டக்டர் இரண்டு தடவை விசில் ஊதிவிட்டார். அண்ணாச்சி பின்னால் நின்று மதினியைத் தாங்கிக்கொண்டிருந்தார். நான் ஒரு லாரிக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். கார் நின்ற இடத்தில் துணி காயப் போட்டிருந்தார்கள். உட்காரச் சொல்வதற்கு முன்பே சொல்லிவிட்டேன். உட்கார்ந்துவிட்டால் வராது என்று எனக்குத் தெரியும்.

“அண்ணாச்சி, கோளாறு ஒங்க கால்ல இல்ல. அந்த ஆக்சில் மலைக்கு ஆகாது. மாட்டும்போதே எனக்குத் தெரியும்.”

பேப்பரை மடித்து வைத்தார். “தெரிஞ்சேவா மாட்டினீரு?”

“ஆமா.”

“அன்னைக்கு டீக்கடையில வச்சு ஒம்மகிட்ட கேட்டம்லா, அப்பவும் தெரியும்?”

“தெரியும்.”

குனிந்து தன் இடது காலைப் பார்த்தார். பிறகு, “ஒரு வருசமா ரோட்டைக் கடக்கவே பயந்துக்கிட்டு நடக்கேன்வே” என்றார். சத்தம் போட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். “ஏளா, இங்கன வா. மெக்கானிக் ஒண்ணு சொல்லுதாரு. நான் சொன்னா நீ நம்பமாட்ட. அவரு வாயாலயே கேளு.”

மதினி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். “என்ன தம்பி?”

நான் அவருடைய முழங்காலைப் பார்த்தேன்.

“சும்மா பாத்துட்டுப் போவலாம்னு வந்தேன் மதினி.”

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். மதினி காப்பி போட உள்ளே போனார். நான் அதைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அன்றைக்கு மதினியிடம் சொல்லாததைத்தான் இதில் எழுதியிருக்கிறேன். மதினி வாசிப்பார். நாளைக்குக் காலையில் கொண்டுபோய் அவர் கையில் கொடுக்க வேண்டும்.

கார்த்திகை ஏழாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.