மொட்டைமாடி ட்ரையல்

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து ஐம்பது. மாடிப்படியின் கடைசி வளைவில் தலை நீட்டியதும் முதலில் தெரிந்தவை இரண்டு பாதங்கள். பச்சைத் தார்ப்பாயின் விளிம்புக்கு வெளியே, விரல்கள் வானத்தைப் பார்க்க, அசையாமல் கிடந்தன. இடது காலில் சாக்ஸ் இருந்தது. வலது காலில் இல்லை. மேல்நிலைத் தொட்டி நிரம்பி, தண்ணீர் ஒரு கையகலப் பட்டையாக வழிந்து தார்ப்பாயின் மேல் விழுந்து, இரண்டு பக்கமும் ஓடி, மழைநீர்க் குழாய்க்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

பாதங்கள் என் நண்பருடையவை. அம்பத்தூர் எஸ்டேட்டை ஒட்டிய தெருவில் கீழே லேத் பட்டறை, மேலே வீடு என்று இருப்பவர். பின்சுவருக்கு அந்தப் பக்கம் வேறொருவரின் பவர் பிரஸ். அது இரவு முழுக்க இரும்புத் தகட்டில் வாஷர் அடிக்கிறது. ஒவ்வொரு அடிக்கும் நண்பர் வீட்டு அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் கொஞ்சம் நகரும். காலையில் அவர் மனைவி அவற்றை உள்ளே தள்ளி வைத்துவிட்டுத்தான் காபி போடுவார்.

பகல் முழுக்க இவரே சத்தம் போடுகிறவர் என்பதால் பிரஸ்காரரிடம் சண்டைக்குப் போக முடியாது. தூக்கம் வராமல், போனில் அருவிச் சத்தம் வைத்துக்கொண்டு படுக்கத் தொடங்கினார். இரவு முழுக்க ஓடும் அருவி. ஆனால் நடுவில் நகைக்கடை விளம்பரம் வரும். செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை என்று ஒரு பெண் உரக்கச் சொல்லும்போது எழுந்து உட்கார்ந்துகொள்வார். மனைவிக்கு அருவியிலேயே ஆட்சேபம்.

“அந்த அருவிய அணைச்சித் தொலைங்க. அந்த சத்தத்துக்கு எனக்கு நாலு வாட்டி பாத்ரூம் போவ வேண்டிகீது.”

அப்படித்தான் அவருக்கு அந்த ஆசை வந்தது. ஒரே ஒரு ராத்திரி, நிஜமான அருவிக்குப் பக்கத்தில், விளம்பரம் இல்லாமல் தூங்க வேண்டும். ஜவ்வாது மலையில் அப்படி ஒன்று இருப்பதாகக் கண்டுபிடித்தார். பஸ் நிற்கும் ஊரிலிருந்து காட்டுப் பாதையில் நடந்து போக வேண்டும். அருவிக்குக் கீழே சாமை விளையும் ஒரு கொல்லை. அங்கே கூடாரம் போட்டுக்கொள்ளலாம் என்று கொல்லைக்காரர் சம்மதித்திருந்தார்.

“இதுக்கு இன்னா பிளான் வேண்டிகீது? போறோம், படுக்கறோம், எயுந்து வர்றோம்” என்றார் நண்பர், எஸ்டேட் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் டீக்கடையில்.

அவர் அதை எங்களிடம் சொல்லாமல் தனியாகப் போயிருந்தால் அப்படியே நடந்திருக்கும். டீக்கடையில் அவருடன் மூன்று பேர் இருந்தோம். ஒருவர் ஆவடி குவார்ட்டர்ஸ்காரர், தென்காசிப் பக்கம் சொந்த ஊர், தொழிற்சாலையில் உதிரிபாகங்களை அளந்து பார்த்துத் தேர்வு செய்யும் வேலை. இன்னொருவர் பூந்தமல்லியில் பந்தல், ஷாமியானா வாடகைக்கு விடும் பாய். மூன்றாவது நான். அடுத்த சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை என்று நாள் குறித்தோம்.

முதல் வேலையாகக் கொல்லைக்காரருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, கண்ணாடி டம்ளருக்குச் சாய்த்து வைத்தோம்.

“மண்ணு எப்படி இருக்கும்? கெட்டியா, பொலபொலன்னா?” என்றார் ஆவடிக்காரர்.

“செம்மண்ணுங்க சார். அங்கங்க பாறை.”

“எத்தன அடில பாறை?”

“தோண்டிப் பாத்ததில்லிங்க.”

பாய் குனிந்து போனிடம் கேட்டார். “பிளக் பாயிண்ட் பக்கத்துல கீதா? ஒயரு எவ்ளோ இழுக்கணும்?”

“ஒயரா? வீட்டுல ஒண்ணு இருக்கு சார். கொல்லைல ஏது?”

லேத்காரர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “ராத்திரில அருவி சத்தம் நல்லா கேக்குமா?”

“நல்லா கேக்கும் சார். வீட்டுக்குள்ளயே கேக்கும்.”

அவர் டீயை ஒரே மூச்சில் குடித்து முடித்து, எங்கள் மூவருக்கும் இன்னொரு ரவுண்டு சொன்னார்.

கூடாரத்தைப் பாய் ஏற்றுக்கொண்டார். புதிதாக வாங்கக் கூடாது, தன்னிடம் இல்லாத துணியா என்று கேட்டார். நல்ல கனமான தார்ப்பாயில் நாலு பேர் படுக்கிற அளவுக்கு வெட்டித் தைத்துக் கொண்டுவந்தார். முன்பக்கம் ஷாமியானாவுக்கு வைப்பதுபோல் சிவப்பு, மஞ்சளில் தொங்கல் வைத்திருந்தார். அது எதற்கு என்று கேட்டபோது, அது இல்லாவிட்டால் மொட்டையாக இருக்கும் என்றார். சீரியல் செட் விளக்குகள் வேண்டாம் என்று அவரைச் சம்மதிக்க வைக்க ஒரு மாலை முழுவதும் ஆனது.

கூடாரம் இருந்தது. முளைகள் இல்லை.

“பந்தலுக்கு முளை எதுக்கு? எதிர் ஊட்டு ஜன்னல் கம்பில கவுத்த கட்டிடுவோம். இல்லாங்காட்டி கரண்டு கம்பம்” என்றார் பாய்.

“மலைல எதிர் வீடு கிடையாதுவே” என்றார் ஆவடிக்காரர்.

இந்த இடத்தில்தான் லேத்காரர், “அத நான் பாத்துக்கறேன்” என்றார். கடைக்குப் போனால் சாதாரணக் கம்பியை வளைத்துச் செய்த முளைகள் கிடைக்கும். அவர் கடைக்குப் போகவில்லை. விரல் கனத்துக்கு மேலான இரும்புத் தண்டை எடுத்து, பன்னிரண்டு முளைகளைக் கடைந்தார். முனை பென்சில் சீவியதுபோல் சரிந்திருந்தது. தலைப்பக்கம் கை வழுக்காமல் இருக்கச் சொரசொரப்பான வரிகள். கயிறு அறுபடாமல் இருக்க ஒவ்வொரு விளிம்பும் மழுக்கப்பட்டிருந்தது. பட்டறை பெஞ்சில் வரிசையாக நிறுத்தியபோது ஏதோ கல்யாணத்தில் கொடுக்கும் பரிசுப் பொருள் போல் மின்னின.

ஆவடிக்காரர் சட்டைப் பையிலிருந்து வெர்னியர் அளவுகோலை எடுத்தார். விடுமுறை நாளிலும் அது அவர் பையில் இருக்கும். ஒவ்வொன்றாக அளந்து, இரண்டைத் தனியே எடுத்து வைத்தார்.

“இது ரெண்டும் ரிஜெக்ட். முனை மத்ததோட சேரல.”

“மாமே, மண்ணுல குத்தப்போறோம். மண்ணுக்கு அளவு தெரியுமா?”

“மண்ணுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்லா.”

லேத்காரர் மெஷினைப் போட்டார். இரண்டும் மறுபடி கடையப்பட்டன. எண்ணெய் தடவி, பழைய செய்தித்தாளில் ஒவ்வொன்றாகச் சுற்றி, பெட்டியில் அடுக்கினார்கள்.

பயணத்துக்கு ஒரு வாரம் இருந்தது. அப்படியே பஸ் ஏறியிருக்கலாம். ஆனால் ஆவடிக்காரர் இருக்கும் வேலையில் ட்ரையல் பார்க்காமல் எதுவும் வாசலைத் தாண்டாது. லேத்காரருக்கும் அதில் உடன்பாடு. மொட்டைமாடியில் கூடாரம் போட்டு, ஓர் இரவு முழுக்க நிற்கிறதா என்று பார்ப்பது என முடிவாயிற்று. சனிக்கிழமை மதியம் நால்வரும் மாடிக்குப் போனோம்.

மாடி கான்கிரீட் தரை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். இருந்தும் லேத்காரர் முதல் முளையை நிறுத்தி, சம்மட்டியால் ஓங்கி ஒன்று போட்டார். முளை எகிறிப்போய்த் துளசித் தொட்டியில் மோதியது. இரண்டாவது அடிக்குக் கீழிருந்து அவர் மனைவி வந்துவிட்டார். அவர் தலையில் சுண்ணாம்புத் தூள் இருந்தது.

“அண்ணா, மலைக்குப் போறதுன்னா மலைக்குப் போங்க. என் ஊட்ட எதுக்கு ஒடைக்கிறீங்க? சாம்பார்ல பூச்சு உழுது.”

நாங்கள் சம்மட்டியைக் கீழே வைத்தோம். ஒரு வேலை கைகூடாமல் போனால் லேத்காரருக்குச் சாப்பாடு இறங்காது. பன்னிரண்டு முளைகளையும் பெட்டியோடு தூக்கிக்கொண்டு பட்டறைக்கு இறங்கினார். வெல்டிங் சத்தம் கேட்டது. வெளிச்சம் மங்குவதற்குள் திரும்பி வந்தார். ஒவ்வொரு முளையின் கூர் முனையிலும் இப்போது உள்ளங்கை அளவு இரும்புத் தகடு பற்றவைக்கப்பட்டிருந்தது. தரையில் வைத்ததும் பன்னிரண்டும் சிப்பாய்கள்போல் நின்றன.

பாய் எட்டு முளைகளில் கயிறு கட்டினார். மேல்நிலைத் தொட்டியை ஒட்டிக் கூடாரம் எழுந்தது. தொங்கல் காற்றில் ஆடியது. ஆவடிக்காரர் ஒவ்வொரு முளையையும் ஆட்டிப் பார்த்து, சாக்பீஸால் டிக் போட்டார்.

“பாஸ். பன்னெண்டும் பாஸ்.”

மூவரும் கை குலுக்கிக்கொண்டார்கள். நானும் குலுக்கினேன். டீ வந்தது. பாதி டீயில் பாய் டம்ளரைக் கீழே வைத்தார்.

“அண்ணாத்தே, ஒரு டவுட்டு. அடில தகடு வச்சிட்டா, மலைல இது மண்ணுல எப்டி எறங்கும்?”

ஆவடிக்காரர் தான் போட்ட டிக்கைப் பார்த்தார்.

“அத அங்க போய் பாத்துக்கலாம்” என்றார் லேத்காரர்.

பாய் உபரியாக இருந்த நாலு முளைகளைச் சாக்கில் போட்டுத் தூக்கிப் பார்த்துவிட்டு உடனே இறக்கினார். லேத்காரர் அதற்கும் வழி வைத்திருந்தார். ஒரு சின்ன ட்ராலி செய்து, அடியில் வீல் வைத்துவிடலாம். காட்டுப் பாதையில் வீல் உருளுமா என்று நான் கேட்டேன். “உருளாட்டி தூக்கிக்கலாம்” என்றார்.

இரவு நால்வரும் கூடாரத்தில் தங்குவதாகப் பேச்சு. எட்டரை மணிக்குக் கொசு வந்தது. கூடாரத்துக்கு வலை வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. ஆவடிக்காரர் ட்ரையலுக்கு ஓர் ஆள் போதும், நாலு பேர் வேண்டும் என்று எங்கேயும் இல்லை என்றார். காலையில் ஆறு மணிக்குள் வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டு மூவரும் இறங்கினோம். லேத்காரர் இரண்டு காலிலும் சாக்ஸ் மாட்டி, போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டிருந்தார்.

இப்போது ஒரு சாக்ஸ் இல்லை. அது வழிந்த தண்ணீரில் மிதந்துபோய் மழைநீர்க் குழாயின் வாயைப் பாதி அடைத்துக்கொண்டிருந்தது. அதை எடுத்துப் பிழிந்து கைப்பிடிச் சுவரில் போட்டேன். சுவரில் கை பட்டதும் அதிர்வு தெரிந்தது. பின்பக்கம் பிரஸ் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. தார்ப்பாயில் விழும் தண்ணீரின் சத்தத்தில் அது கேட்கவே இல்லை.

என் பின்னால் ஆவடிக்காரர் ஏறி வந்தார். பாதங்களைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், மண்டி போட்டுப் போன் வெளிச்சத்தில் கூடாரத்துக்குள் எட்டிப் பார்த்தார்.

“உள்ள ஒரு சொட்டு இல்ல. லீக் டெஸ்ட்டும் முடிஞ்சிட்டு” என்று மெதுவாகச் சொன்னார். “ஆளு நல்லா தூங்குதான். வாயத் தொறந்து கெடக்கான்.”

பாய் தொழுகை முடித்து நேராக வந்திருந்தார். அவர் போன் அடித்தது. கொல்லைக்காரர். முந்தின நாள் பாய் விட்ட மிஸ்டு காலுக்குத் திரும்ப அழைத்திருந்தார். பாய் படிக்கட்டுக்கு இறங்கி, குரலைத் தாழ்த்திப் பேசிவிட்டு வந்தார்.

“அருவில தண்ணி இல்லியாம்.”

“என்னது?”

“பங்குனிலேர்ந்தே இல்லியாம். ஆடிக்கு மேல மழ வந்தாதான் உண்டாம். நாம அருவி பாக்க வர்றோம்னே அந்தாளுக்குத் தெரியாது. மண்ணு, பாறை, ஒயருன்னு கேட்டதுல டவர் வைக்க வந்து கூடாரம் போடறோம்னு நெனச்சிகினுகீறான். சத்தம் கேக்கும்னு சொன்னது தண்ணி வர்ற நாள்லயாம்.”

“இத மொதல்லயே கேட்டிருக்கணும்லா?”

“நீ இன்னா கேட்ட? மண்ணு கெட்டியான்னு கேட்ட.”

“நீரு பிளக் பாயிண்ட் கேட்டீரு.”

இருவரும் கிசுகிசுவென்றுதான் சண்டை போட்டார்கள். யார் எழுப்பிச் சொல்வது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது, லேத்காரரின் மனைவி துணி பக்கெட்டோடு மேலே வந்தார். வழக்கம்போல் விடிகாலையில் மோட்டாரைப் போட்டுவிட்டு, அணைக்க மறந்திருந்தார்.

“தண்ணி வழியுதேம்மா, மோட்டார் ஆஃப் பண்ணலியா?” என்றார் பாய்.

அவர் தண்ணீரைப் பார்த்தார். அதன் கீழே பாதங்களைப் பார்த்தார். கொஞ்ச நேரம் நின்று, உள்ளிருந்து வந்த குறட்டையைக் கேட்டார்.

“இருக்கட்டுண்ணா. துணிய நாளைக்குத் தொவைச்சிக்கறேன்.”

பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தார். நாங்கள் படியில் உட்கார்ந்தோம். அருவி விஷயத்தைப் பாய் அவரிடம் சொன்னார். அவர் சிரிக்கவில்லை. உதட்டில் விரலை வைத்தார்.

ஏழு மணிக்குச் சற்று முன்பு தரைக்கடியில் இருக்கும் சம்பு வற்றி, மோட்டார் காற்றை இழுக்கும் சத்தம் கீழிருந்து வந்தது. அவர் இறங்கிப் போய் சுவிட்சை அணைத்தார். தார்ப்பாயில் விழுந்த தண்ணீர் மெலிந்து, சொட்டாகி, நின்றது. பின்பக்கத்து பிரஸ் கேட்கத் தொடங்கியது. சாக்ஸ் இல்லாத பாதம் முதலில் அசைந்தது.