சஹனில் என் பக்கம்

வேன் சிலாபத்தைத் தாண்டும்போதே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மகன் ஓட்டினான். மருமகள் முன் சீட்டில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள்; வண்டி ஓடினால் அவளுக்கு வயிற்றைப் பிரட்டும். நான் பின்னால், வாழைக்குலைக்கும் துணிப் பெட்டிகளுக்கும் பிள்ளை பெற்றவளுக்கு இடித்த சரக்குத் தூளுக்கும் நடுவில் இருந்தேன்.

வெலிகமவில் பேத்திக்குப் பிள்ளை பிறந்திருந்தது. பிள்ளைக்கு முடி இறக்கிப் பெயர் வைக்கிற நாளுக்குத்தான் அந்தப் பயணம். ஆனால் வெலிகமவுக்குப் போகிறவர்கள் மகனும் மருமகளும் மட்டும். என்னைக் கொழும்பில் இறக்கிவிடுவதாக ஏற்பாடு.

என் இரண்டு கண்ணிலும் வெண்படலம். வலது கண் மோசம். பார்க்கிறதெல்லாம் கஞ்சிக்குள் கிடக்கிற மாதிரி இருக்கும். ஆஸ்பத்திரியில் தவணைக்குக் காத்திருந்து காத்திருந்து, அது கிடைத்தது பார்த்தால் பெயர் வைக்கிற நாளுக்கு முதல் நாள். அன்று பின்னேரமே வார்டுக்குப் போய்விட வேண்டும், மறுநாள் காலையில் கண்ணை வெட்டுவார்கள். "இத விட்டா அடுத்தது எப்ப வருமோ தெரியாது உம்மா" என்றான் மகன். கொழும்பில் என் கூட்டாளிமார் இரண்டு பேர் ஒரே தொடர்மாடியில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தியின் மகள் பின்னேரம் என்னைக் கூட்டிப் போவாள். மகன் தன் மனைவியையும் சாமான்களையும் வெலிகமவில் விட்டுவிட்டு, விடியற்காலை சுபஹுத் தொழுகைக்கு முதல் திரும்பி வந்துவிடுவான். எல்லாம் பேசி முடித்திருந்தார்கள்.

நானும் ஓம் என்றேன். நான் எதற்கும் ஓம் சொல்கிறவள். எதிர்த்துக் கதைக்கக் கூச்சம். வாய் ஓம் சொல்லிவிடும், மனம் தன் பாட்டில் வேறு வழி தேடும்.

இந்த முறை மனம் கண்டுபிடித்த வழி இதுதான். கூட்டாளிமாரைப் பார்ப்பது, ஒரு வாய் சாப்பிடுவது, எல்லாருக்கும் முதல் கீழே இறங்கி வேனில் ஏறி இருந்துவிடுவது. பெற்ற தாயைக் கையைப் பிடித்து இழுத்தா இறக்கப் போகிறான்? ஆஸ்பத்திரிக்கென்று மருமகள் கட்டித் தந்த பேக்கை, தில்லையடியில் எங்கள் வீட்டு வாசலில் ஏறும்போதே பின் சீட்டுக்குக் கீழே, வாழைக்குலைக்கு அப்பால் தள்ளிவிட்டேன்.

எனக்குப் பயம். கண்ணில் கத்தி படுவதற்கு முதல் பூட்டப்பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட வேண்டும். கஞ்சிக்குள் கிடக்கிற மாதிரியாவது தெரிகிற கண், வெட்டின பிறகு அதுவும் இல்லாமல் போனால்? அப்படிப் போனவள் ஒருத்தி இருக்கிறாள். அவளைத்தான் பார்க்கப் போய்க்கொண்டிருந்தேன்.

நாங்கள் மூன்று பேரும் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு ஒன்றாக வந்தவர்கள். வந்த புதிதில் கரைத்தீவுப் பக்கம் கிடுகுக் கொட்டில்களில் அடுத்தடுத்து இருந்தோம். சோற்றுக் கோப்பை போதாது. பெரிய தட்டு, நாங்கள் சஹன் என்போம், ஒன்றே ஒன்று இருந்தது. பிள்ளைகளுக்குக் கொடுத்த பிறகு மிஞ்சியதை அதில் போட்டு மூன்று பேரும் சுற்றி இருந்து தின்போம். அவரவர் முன்னால் இருப்பதை அவரவர் எடுக்க வேண்டும். அடுத்தவள் பக்கம் கை போகக் கூடாது. மற்றவள் தின்று முடியாமல் எழும்பவும் கூடாது. அவர்கள் பிறகு பிள்ளைகளோடு கொழும்புக்குப் போனார்கள், நான் தில்லையடியில் தங்கிவிட்டேன்.

கொழும்புக்குள் வேன் நுழைந்ததும் எல்லாப் பக்கமும் ஹோர்ன். மகன் தொடர்மாடிக்கு முன்னால் ஒரு சந்தில் நிறுத்தினான்.

"உம்மா, இங்க கன நேரம் நிப்பாட்ட ஏலாது. பொலிஸ் வந்தா நான் சுத்திச் சுத்தித்தான் வரணும்."

"நான் கெதியா வந்துடுவன் மகன்."

"நீங்க ஏன் வாறீங்க? நீங்க இருக்கப் போறவங்க."

"ஓம் ஓம்" என்றேன்.

மருமகள் எழும்பவில்லை. அவன் கருவாட்டுப் பையையும் முருங்கைக்காய்க் கட்டையும் தூக்கிக்கொண்டு என்னை லிப்டில் ஏற்றினான். லிப்டுக்குள் முன்பின் தெரியாத ஆம்பிளைகள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வாசலில் சலாம் சொல்லிச் சாமானைக் கொடுத்தவன், "பேக்கப் பொறகு கொண்டு வாறன்" என்று இறங்கிப் போனான்.

வீட்டுக்காரி மூன்று பேரில் மூத்தவள். உடம்பும் பெரிது, குரலும் பெரிது.

"வாடி, வா! என்னடி இப்பிடிக் கிழவி ஆகிட்டாய்?"

"நீ மட்டும் குமர்ப் புள்ளையா?" என்று உள்ளேயிருந்து மற்றவளின் குரல் வந்தது. அவள் இரண்டு மாடி கீழே மகனோடு இருக்கிறவள், எனக்காக ஏறி வந்திருந்தாள். மெலிந்துவிட்டாள். என்னைக் கட்டிப் பிடித்தபோது விலா எலும்பு குத்தியது.

மூத்தவள் கண் வெட்டி நல்ல வெளிச்சமாக இருக்கிறவள். அதைச் சொல்லாமல் இருக்க அவளால் முடியாது. என்னை யன்னலடிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"அந்தா கீழ கடைப் பலகை. அதுல உள்ள எழுத்து ஒவ்வொண்டாத் தெரியுது எனக்கு. வாசிக்கவா?"

"வாசிக்கத் தெரிஞ்சாத்தானே" என்றாள் மெலிந்தவள்.

நானும் சிரித்தேன். ஆனால் யன்னலால் நான் தேடினது கடையை இல்லை, எங்கள் வேனை. கீழே எல்லாம் ஒரே கலங்கல். வெள்ளையாகத் தெரிந்த எல்லாமே வேன் மாதிரி இருந்தது.

திரும்பினால் மெலிந்தவள் என் முகத்துக்கு நேரே நிற்கிறாள். அவளுடைய இடது கண்தான் போனது. பார்க்கக் கூடாதென்று நினைத்து நினைத்தே அதைப் பார்த்துவிட்டேன்.

"கேளன்டி, என்ன கூச்சம்? நான் பிந்திப் போனவள். இன்டைக்கு நாளைக்கு என்டு கடத்திக் கடத்தி, கண் முத்திப் போனாப் பொறகு போனன். டொக்டர்மார் என்ன செய்யிற?"

அவள் சொன்னது காதில் விழுந்தது, மனதில் விழவில்லை. கீழே ஒரு ஹோர்ன் அடித்தது. எங்களுடையதா வேறு யாருடையதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

லுஹர் தொழுதோம். தொழுகையிலும் நினைவு வேனில்தான். பிறகு மூத்தவள் நிலத்தில் பாயை விரித்துச் சஹனைக் கொண்டு வந்து வைத்தாள். மேசையும் கதிரையும் வீட்டில் இருந்தன. எங்களுக்கென்று கீழே போட்டாள். நெய்ச்சோறு, நடுவில் மாட்டிறைச்சி, ஓரத்தில் கத்தரிக்காய்ப் பச்சடியும் அன்னாசியும். மூன்று பேரும் பழைய மாதிரிச் சுற்றி இருந்தோம். மெலிந்தவள் என் வலது பக்கத்தில்.

"பேக் எங்கடி?" என்றாள் மூத்தவள்.

"வேனில."

"ஏன் வேனில?"

நான் சோற்றை வாயில் போட்டுக்கொண்டேன்.

அவசர அவசரமாகத் தின்றேன். ருசி தெரியவில்லை. நாலு பிடி தின்றுவிட்டு, "எனக்குப் போதும், வயிறு நெறஞ்சிட்டுது" என்று கையை ஊன்றி எழும்பப் பார்த்தேன்.

"இரிடி! சஹன்ல ஆள் தின்னக்குள்ள எழும்புறதா? தில்லையடியில புதுசா வந்த பழக்கமா?"

மூத்தவளுக்குப் பிடிபட்டுவிட்டது என்று நினைக்கிறேன். அவள் வேண்டுமென்றே மெதுவாகத் தின்னத் தொடங்கினாள். ஒவ்வொரு சோறாகப் பொறுக்குகிற மாதிரி. ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் இடையில் ஒரு கதை: மகளின் வேலை, பழுதாகிற லிப்ட், தண்ணீர் வராத நாள். நான் காலை மடக்கி நீட்டி, நீட்டி மடக்கி, என்ன செய்வதென்று தெரியாமல் சஹனில் கையை ஓட்டிக்கொண்டே இருந்தேன்.

அப்போதுதான் என் விரல் இன்னொரு விரலில் பட்டது.

எலும்பு விரல், மோதிரம் தளர்ந்து ஆடுகிற விரல். மெலிந்தவளுடையது. என் கையடியில் ஒரு இறைச்சித் துண்டை வைத்துவிட்டு அது மெல்லப் பின்னால் போனது. நான் ஒன்றும் தெரியாதது போலக் கையை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தேன். கொஞ்சம் பொறுத்து அங்கேயும் ஒரு துண்டு வந்தது, எலும்பு நீக்கி.

மற்றக் கையால் சஹனின் விளிம்பைத் தடவிப் பார்த்தேன். எனக்கு நேரே, என் பக்கத்துச் சோறு கை படாமல் குவியலாக அப்படியே இருந்தது. பச்சடியும் போட்டபடி கிடந்தது. நான் இருந்ததிலிருந்து தின்றதெல்லாம் அவள் பக்கத்துச் சோறு. அவள் தன் பங்கை எனக்கு விட்டுவிட்டு, என் கை போகிற இடமெல்லாம் ஒற்றைக் கண்ணால் பார்த்துப் பார்த்துத் துண்டை நகர்த்திக்கொண்டிருந்திருக்கிறாள்.

வெட்கம் உடம்பெல்லாம் ஏறியது. கொட்டிலில் ஒரு பிடி சோற்றுக்கு வழியில்லாத நாளில்கூட என் கை அடுத்தவள் பக்கம் போனதில்லை.

இரண்டு நாளைக்கு முதல் பேத்தி போனில் பிள்ளையைக் காட்டியது நினைவுக்கு வந்தது. "மாஷா அல்லாஹ், வாப்பாவ உரிச்ச மூக்கு" என்று சொல்லியிருந்தேன். நான் கண்டது ஒரு மஞ்சள் துணியை. அதற்குள் மூக்கு எங்கே, வாய் எங்கே என்று எனக்குத் தெரியாது. முன் இருக்கிற சோறு தெரியாத நான் வெலிகமவுக்குப் போயும் எதைப் பார்த்திருப்பேன்? இன்னொரு மஞ்சள் துணியைத்தான். மறுபடியும் மூக்கு என்று பொய் சொல்லியிருப்பேன்.

மூத்தவளின் போன் அடித்தது. மகன். என் கையில் சோறு. அவளே போனை என் காதில் பிடித்தாள்.

"உம்மா, பேக்கக் காணல்லயே. எங்க வெச்சீங்க?"

மூத்தவள் வாயில் இருந்ததை மெல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பின் சீட்டுக்குக் கீழ மகன். வாழக்கொலைக்கு அங்கால. தள்ளித்தான் எடுக்கணும்."

வாழைக்குலை இழுபடுகிற சத்தம் போனில் கேட்டது.

"நீங்க எங்களோட வரப் பாத்தீங்களா உம்மா?"

"ஓம்."

"இப்ப?"

"பேக்க மேல கொண்டு வா. முடி எறக்கக்குள்ள புள்ள அழும். அத எனக்கு போன்ல கேக்கப் பண்ணச் சொல்லு."

மூத்தவள் போனை வைத்தாள். என்னை ஏதாவது சொல்லுவாள் என்று பார்த்தேன். "மாடு வெந்திருக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

மெலிந்தவளின் பக்கம் திரும்பினேன். "எல்லாத்தையும் நானே தின்டுட்டன். நீ என்னத்தத் தின்டாய்?"

"எனக்கு என்ன வயிறா இருக்கு?" என்றாள். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி, எனக்கு நேரே இருந்த குவியலில் வைத்தாள். "இதுதான் உன்ட பக்கம். இனி இதத் தின்னு."

வயிற்றில் இடம் இல்லை. இருந்தும் பிசைந்தேன். அந்தக் குவியலில் பாதியை அவள் பக்கம் தள்ளிவிட்டேன், தள்ளினது அவள் பக்கம்தானா என்று கேட்டுக் கேட்டு. லிப்ட் மேலே வருகிற சத்தம் கேட்டது. பேக்கோடு அவன்தான் வருகிறான். என் கால் இன்னும் ஆடிக்கொண்டுதான் இருந்தது. மூத்தவள் தின்று முடிக்கவில்லை, அதனால் நான் எழும்பவில்லை.