வெள்ளிக்கிழமை கிடைத்த புல்லர்

"டூல வாடகைக்கு வுடறதுக்கு இது இன்னா சைக்கிள் கடையாமா?"

டவுன் ஒர்க்‌ஷாப் முதலாளி இப்படிக் கேட்ட நிமிஷத்தில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. அவர் என்னவோ கேலியாகத்தான் கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரிக்கவும் செய்தார்கள். ஆனால் எனக்கு, ஏன் கூடாது என்று தோன்றிவிட்டது. வில்லியனூரில் மணிக்கணக்குக்குச் சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கிறது. கல்யாணம் என்றால் அண்டா, ஜமக்காளம், மணப்பெண் உட்காரும் நாற்காலி வரை வாடகைக்கு வருகிறது. ஒரு புல்லர் மட்டும் வரக்கூடாதா?

புல்லர் என்பது மூன்று கால் கொண்ட இரும்பு நண்டு. நடுவில் ஒரு தடித்த திருகு. சக்கரத்துக்குள் இருக்கும் பிரேக் டிரம்மை மூன்று காலாலும் கவ்விக்கொள்ளும். திருகை முறுக்கினால், எத்தனை வருஷத்துத் துருவானாலும் டிரம் அச்சிலிருந்து கழன்று வந்துவிடும். அது இல்லாமல் என் காரின் பின்பக்க இடது சக்கரம் அசையாது. அந்த டவுனில் புல்லர் அவரிடம் மட்டும்தான் இருந்தது.

"வண்டியக் கொண்டாந்து வுடு. பாத்துத் தரேன்" என்றார்.

"சக்கரம் சுத்தலன்னுதான் சார் புல்லர் கேக்கறேன். சுத்துனா நானே ஓட்டிக்கினு வருவேனே."

"ஓட்டிக்கினு வருவியா? நீயா?" அவர் புல்லரைப் பெட்டிக்குள் போட்டு மூடினார். "உங்கப்பாவ வரச் சொல்லு. அவராண்ட பேசிக்கறேன்."

அப்பாவிடம் பேசினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தக் காரே அப்பாவின் கண்ணில் ஒரு குப்பை. பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து ஓய்வு பெற்று வந்த பெரியப்பா ஆசையாக வாங்கிய பழைய பிரெஞ்சுக் கார் அது. அவர் இறந்து போன பிறகு மாட்டுக் கொட்டகையில் ஹேண்ட்பிரேக் போட்டபடியே நின்றது. மழைக்காலங்கள் வந்து போயின. கோழிகள் பின்சீட்டில் முட்டையிட்டன. பி.எஸ்ஸி. முடித்து, வேலைக்கு மனுப் போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்த நான்தான் ஒருநாள் பானெட்டைத் திறந்தேன். திறந்ததோடு மூட மனசு வரவில்லை. பெரியப்பாவின் டூல் பெட்டியும், படம் போட்ட பிரெஞ்சுப் புத்தகமும் சீட்டுக்கு அடியிலேயே இருந்தன. கான்வென்ட்டில் படித்த பிரெஞ்சு எனக்கு முதல்முறையாக எதற்காவது உதவியது.

அப்பாவோ காயலாங்கடைக்காரரிடம் பேசி முடித்துவிட்டார். திங்கட்கிழமை காலை டிராக்டரோடு வந்து எடுத்துப் போவதாக ஏற்பாடு. நான் அன்று முழுக்கச் சாப்பிடாமல் சண்டை போட்டேன். கடைசியில் அப்பா, அம்மாவைச் சாட்சியாக வைத்துக்கொண்டு சொன்னார்: "யாரும் தள்ளக்கூடாது, மாடு இழுக்கக்கூடாது. அந்த ஆளு வர்ற நேரத்துல உன் வண்டி கொட்டாயிலருந்து கேட்டத் தாண்டி ரோட்டுக்கு வரட்டும். வந்துச்சுன்னா வச்சிக்க. வரலன்னா அப்புறம் இதப்பத்தி வாயத் தொறக்கக்கூடாது."

"சரி" என்றேன். "பேச்சு மாறக்கூடாது."

"நான் இன்னாத்துக்குடி மாறப்போறேன்?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே நான் மறுநாள், ஒரு வியாழக்கிழமை, டவுனுக்குப் போனேன்.

ஒர்க்‌ஷாப்பில் என் பக்கத்தில் இன்னொருவரும் நின்றிருந்தார். பாகூர்க்காரர். நெல் விவசாயக் குடும்பம். அவருக்கும் ஒரு பழைய கார், அவருக்கும் அதன்மேல் பைத்தியம். வால்வு ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஸர் கேட்டு வந்திருந்தார். அவருக்கும் அதே பதில்தான்: வண்டியைக் கொண்டு வா. இருவரும் ஒன்றாக வெளியே வந்தோம்.

"கம்ப்ரஸர் எங்கிட்ட இருக்குதுங்க" என்றேன். "எங்க பெரியப்பா பொட்டில."

அவர் கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "அவரு பொட்டிக்குள்ள போட்டாரே, மூணு காலு இரும்பு... அத்தப் போலவே ஒண்ணு எங்க வூட்ல இருக்குதுங்க. வண்டியோட வந்ததுதான். இன்னான்னு தெரியாம உத்தரத்துல மாட்டி வச்சிருக்கறோம். எங்கம்மா அதுலதான் வாழத்தாரு தொங்க வுடுவாங்க" என்றார்.

நடுரோட்டில் நின்று இருவரும் சிரித்தோம். அந்த முதலாளியின் பூட்டிய பெட்டியில் இருப்பதெல்லாம் நம் கொட்டகைகளில் கிடக்கிறது. யாரிடம் எது இருக்கிறது என்று நமக்குத் தெரியாததுதான் அவருடைய வியாபாரம். இதை நான் சத்தமாகவே சொன்னேன். உள்ளே கேட்டிருக்கும். கேட்கட்டும்.

மறுநாள் காலை கம்ப்ரஸரைச் சாக்கில் சுற்றிச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு, ஏம்பலம் வழியாகப் பாகூருக்கு மிதித்தேன். வழியில் நடவு வயலில் நின்ற பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருத்தி, "இன்னாடி கட்டிக்கினு போற, கோழியா?" என்று கேட்டாள். "இல்லக்கா, இரும்பு" என்றேன். "இரும்புக்கா இவ்ளோ அவசரம்?" என்று அவள் சிரித்தது ரொம்ப தூரம் வரை கேட்டது.

அங்கே போய்ச் சேர்ந்தபோதுதான் நான் யோசிக்காத ஒன்று எதிரே வந்து நின்றது. பாகூர்க்காரரின் அம்மா. நெற்றியில் புது மஞ்சளும் குங்குமமும். வாசல் அப்போதுதான் மெழுகிக் கோலம் போட்டிருந்தது.

"இன்னிக்கு வெள்ளிக்கிழமை கண்ணு. வூட்டுலருந்து இரும்பு வெளிய போவக்கூடாது. நாளைக்கு வா."

கிறிஸ்தவர்களான எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை என்றால் கறி கிடையாது, அவ்வளவுதான். இரும்புக்கும் வெள்ளிக்கிழமைக்கும் எங்களுக்குப் பகை இல்லை. எனக்கோ நாளை வந்து போக நேரம் இல்லை. டிரம் கழன்றாலும் உள்ளே எவ்வளவு வேலை இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? மகன் கெஞ்சினார். அம்மா அசையவில்லை. "மகாலட்சுமிய வெளிய அனுப்பச் சொல்றியாடா?"

"அம்மா, நீங்க குடுக்கவே வேணாம்" என்றேன். சைக்கிளிலிருந்து சாக்கை அவிழ்த்துக் கம்ப்ரஸரை அவர் கையில் கொடுத்தேன். "மொதல்ல இது உங்க வூட்டுக்குள்ள வருது. இரும்பு உள்ள வந்தா நல்லதுதானே?"

"நல்லதுதான்."

"உள்ள ஒரு இரும்பு வந்தப்புறம் இன்னொரு இரும்பு வெளிய போனா, உங்க வூட்டுக் கணக்குல இன்னாம்மா கொறையுது?"

அவர் கம்ப்ரஸரைக் கையில் தூக்கிப் பார்த்தார். அது வளைந்த கொக்கி மாதிரி இருந்தது, நல்ல கனம். "வாய் இருக்குதுடி உனக்கு" என்றார். பிறகு மகனைப் பார்த்து, "சரி, தார எதுல மாட்டறது?" என்றார்.

"இதுலயே மாட்டிக்கலாம்" என்று நான் சொன்னதும் மகன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். "யம்மா, அத்த வச்சி நான் வேல செய்யணும்!"

"தாரு பழுத்ததும் செய்டா. இத்தினி நாளு செஞ்சி கிழிச்ச."

அம்மா அதோடு விடவில்லை. இந்தப் பெண் திருப்பிக் கொண்டு வருவாள் என்பதற்கு என்ன உத்தரவாதம் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நேற்றுத்தான் பார்த்த ஆள் நான். கடைகளில் காட்டி மாற்று கிடைக்குமா என்று கேட்பதற்காகக் காரிலிருந்து கழற்றிக் கொண்டுபோன ரோட்டர் என் கைப்பையிலேயே கிடந்தது. கட்டைவிரல் பருமன்தான். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் அது சுற்றினால்தான் பிளக்குகளுக்கு நெருப்புப் போகும். அது இல்லாமல் எந்தக் கொம்பனும் காரை ஸ்டார்ட் செய்ய முடியாது. வீறாப்பாக எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். "இது என் வண்டியோட உசுருமா. உங்க புல்லரு திரும்பி வர்ற வரைக்கும் உங்ககிட்டயே இருக்கட்டும்."

அவர் அதைச் சாமி மாடத்தில் குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் வைத்தார். வாழைத்தாரை இறக்கிவிட்டுப் புல்லரை எடுத்துத் தந்தார்கள். காம்பின் பால் வழிந்து காய்ந்து அதன் கால்கள் கறுத்திருந்தன. ஆனால் திருகு வெண்ணெய் மாதிரி சுற்றியது.

சனிக்கிழமை, கொட்டகையில் ஜாக்கி போட்டு, சக்கரத்தைக் கழற்றி, மண்ணெண்ணெய் ஊற்றி ஊற வைத்துப் புல்லரை மாட்டினேன். முறுக்கினேன். இன்னும் முறுக்கினேன். ஸ்பேனரில் குழாய்த் துண்டைச் சொருகி, உடம்பைத் தொங்கவிட்டு முறுக்கினேன். அப்பா வைக்கோல் எடுக்க வந்தவர்போல வந்து, எடுக்காமல் நின்றார். திருகின் தலையில் சுத்தியலால் ஓங்கி ஒன்று வைத்ததும் துப்பாக்கி வெடித்தது போலச் சத்தம். கோழிகள் பறந்தன. டிரம் என் மடியில் விழுந்தது.

"உசுரோட இருக்கிறியா?" என்றார் அப்பா.

"நான் மட்டும் இல்ல, வண்டியும் இருக்குது" என்றேன்.

பிரேக் கட்டைகளைத் தேய்த்து, துருவைச் சுரண்டி, ஞாயிறு பூசை முடிந்து வந்து எல்லாவற்றையும் திரும்ப மாட்டினேன். எங்கள் டிராக்டரின் பாட்டரியைக் கழற்றிக் காருக்கு வைத்தேன். சக்கரம் கையால் தள்ளினாலே சுற்றியது. ஸ்டார்ட் செய்து பார்க்கலாம் என்று டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் துடைக்கத் திறந்தபோதுதான் பார்த்தேன். உள்ளே காலி. என் வண்டியின் உசுரு பாகூரில், குங்குமச் சிமிழ் பக்கத்தில்.

வெளியே இருட்டிக்கொண்டிருந்தது. காலையில் நான் பாகூர் போய்த் திரும்புவதற்குள் காயலாங்கடைக்காரர் வந்து ஏற்றிக்கொண்டு போய்விடுவார். ஒரு நாள் தவணை கேட்டால் அப்பா தரக்கூடும். ஆனால் அந்தச் சிரிப்பையும் சேர்த்துத் தருவார். எனக்கு அது வேண்டாம்.

திங்கட்கிழமை காயலாங்கடைக்காரர் டிராக்டரைக் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு வந்தார். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். அம்மா அடுப்படி வாசலில். நான் பானெட்டைத் திறந்து, நான்கு பிளக்குகளையும் கழற்றிப் பாவாடை மடிப்பில் போட்டுக்கொண்டேன்.

"இன்னாம்மா, கழட்டிக் கழட்டிப் போடற? எனக்கு வேல மிச்சம்" என்றார் காயலாங்கடைக்காரர்.

நெருப்பு வராத பிளக்குகள் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? அவை இல்லாவிட்டால் இன்ஜினுக்குள் காற்று அடைபடாது, மோட்டாருக்குச் சுமை குறையும். ஏறி உட்கார்ந்தேன். முதல் கியரைப் போட்டேன். கிளட்ச்சை மிதிக்காமல் ஸ்டார்ட்டரை இழுத்தேன்.

இன்ஜின் பேசவில்லை. ஆனால் ஸ்டார்ட்டர் மோட்டார் பாட்டரி பலத்தில் இன்ஜினைச் சுற்றியது, இன்ஜின் கியரைச் சுற்றியது, கியர் சக்கரத்தைச் சுற்றியது. கார் ஒரு குலுங்கு குலுங்கி, கிர் கிர் என்று உறுமிக்கொண்டு, வயசான எருமை மாதிரி கொட்டகையை விட்டு வெளியே நகர்ந்தது. பின்சீட்டிலிருந்து ஒரு கோழி ஜன்னல் வழியாகக் குதித்தது.

"ஏய், இன்னா இது? இன்ஜின் ஓடலியே!" என்று கத்தினார் அப்பா.

"யாரும் தள்ளலியே! மாடு இழுக்கலியே!" என்று நானும் கத்தினேன்.

கேட்டுக்கு முன்னால் தரை லேசாக ஏறும். அங்கே மோட்டாரின் குரல் தாழ்ந்தது. பாட்டரி இறங்குகிறது என்று தெரிந்தது. ஸ்டியரிங்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வா வா என்று வாய்விட்டே கெஞ்சினேன். முன்சக்கரங்கள் தார் ரோட்டில் ஏறின. குரல் இன்னும் தாழ்ந்தது. கடைசியாக, நான் மடியில் ஏந்திய டிரம் இருக்கும் இடது பின்சக்கரம் கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்தது. அதோடு எல்லாம் நின்றது.

நான் கதவைத் திறந்து இறங்கினேன்.

"ஓடுச்சுன்னு இத்தச் சொல்ல முடியுமா?" என்று அப்பா காயலாங்கடைக்காரரைக் கேட்டார்.

அவர் காரைச் சுற்றி வந்தார். குனிந்து அடியில் பார்த்தார். "ஓடுச்சான்னு தெரியலிங்க. ஆனா ரோட்டுல நிக்குது" என்றார்.

"நான் கேட்டது ரோட்டுக்கு வரணும்னுதான்" என்றார் அப்பா, தனக்குத்தானே சொல்வதுபோல. பிறகு என்னைப் பார்த்து, "டிராக்டர் பாட்டரிய மத்தியானத்துக்குள்ள சார்ஜ் ஏத்தி மாட்டிடு. கரும்பு லோடு இருக்குது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். தோற்றவர் பேசும் பேச்சு அது. எனக்கு அது போதும்.

மறுநாள் புல்லரைக் கொண்டுபோய் ரோட்டரை வாங்கி வந்தேன். தாரில் பழுத்த பழமும் ஒரு சீப்பு கூட வந்தது. அன்றிலிருந்து எங்களுக்குள் இதுதான் சட்டம்: வாடகை கிடையாது, டூல் வேண்டுமென்றால் உன் வண்டியின் ரோட்டரை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டு போ. வெள்ளிக்கிழமையானால் கூடவே ஏதாவது ஒரு இரும்பு. மதகடிப்பட்டில் பம்ப்செட் சாமான் கடை வைத்திருப்பவர் ஒருவரும் தன் காரோடு சேர்ந்திருக்கிறார். போன வாரம் டவுன் ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஆள் வந்தது. அவர்கள் புல்லரின் திருகு மரை தேய்ந்துவிட்டதாம், எங்களுடையது ஒரு நாளைக்குக் கிடைக்குமா என்று முதலாளி கேட்டனுப்பியிருந்தார்.

"கெடைக்கும். உங்க மொதலாளி கார் ரோட்டரக் கொண்டாரச் சொல்லுங்க" என்றேன். இன்னும் வரவில்லை.

என் கார் இப்போது நிஜமாகவே ஸ்டார்ட் ஆகிறது. ஆனால் நீலப்புகை விடுகிறது. இன்ஜினை வெளியே தூக்கிப் பார்த்தால்தான் தெரியும். அதற்கு வேண்டிய செயின் பிளாக், கிணற்று மோட்டாரை மேலே இழுக்கும் சங்கிலிக் கப்பி, மதகடிப்பட்டுக்காரரிடம் இருக்கிறது. அதைத் தொங்கவிட மூன்று சவுக்குக் கம்பங்களைப் பாகூர்க்காரர் மாட்டுவண்டியில் கொண்டு வருகிறார். கம்பங்களின் உயரத்துக்குக் கொட்டகையின் கூரையைப் பிரிக்க வேண்டும், அப்பா இன்னும் சம்மதிக்கவில்லை. ஆனால் உள்ளே கம்பம் நடக் குழிகளை நான் நேற்றே தோண்டிவிட்டேன்.