போக மட்டும் கேட்கிறவர்கள்

பஸ் டிக்கெட் விற்கிறவளை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. விமான டிக்கெட் விற்கிறவளைத் திட்டாமல் யாரும் ஊரைவிட்டுக் கிளம்புவதில்லை. கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பிழைக்கும் சகோதரிகளே, உங்களுக்கு இது தெரியும். மலேசியாவின் ஈப்போவில் ஒரு சின்ன டிக்கெட் கடையில் பன்னிரண்டு வருஷமாக இருக்கிறேன். படிவம் இரண்டோடு, அதாவது எட்டாம் வகுப்போடு, பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு இந்த நாற்காலி சும்மா கிடைக்கவில்லை.

இப்போது புதிதாக ஒரு கூட்டம் வருகிறது. வேலையிலிருந்து ஓய்ந்து, பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டு, மிச்ச காலத்தைத் தமிழ்நாட்டில் கழிக்கப் போகிறவர்கள். எல்லோருக்கும் ஒரே வார்த்தைதான்: "போக மட்டும்." சுற்றிப் பார்க்கும் விசாவில் போனால் திரும்பி வரும் டிக்கெட் எங்கே என்று விமான நிலையத்தில் கேட்பார்கள், அங்கேயே தங்குவதற்குக் காகிதமே வேறு என்று தொண்டை வறளச் சொல்கிறேன். யாரும் நம்புவதில்லை. இந்த வருஷம் இரண்டு பேர் விமானம் ஏறாமல் திரும்பி வந்துவிட்டார்கள். கேட்டதைக் கொடு, வந்தவரோடு வாதாடாதே என்று எனக்குச் சொன்னதே முதலாளிதான். என்னைவிடப் பத்து வயது சின்னவர். அவரே கூப்பிட்டு வைத்துச் சொன்னார்: "இன்னொரு ஆளு திரும்பி வந்தா, நீங்க வேற வேலை பாத்துக்கலாம்லா அக்கா."

லோரிக்காரர்

அந்த இரண்டு பேரில் ஒருவர் தாப்பாவில் லோரி ஓட்டி ஓய்ந்தவர். ஒன் வே டிக்கெட் ஆபத்து அண்ணே என்றதற்குச் சிரித்தார். "நாப்பது வருஷமா ரோட்டுல இருக்கேன். ஒன் வேயில எதுத்து வந்தாத்தாம்மா போலீஸ்காரன் சமான் எழுதுவான். நான் நேராத்தானே போறேன்" என்றார். கடையில் இருந்தவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்றாம் நாள் அதே பெட்டியோடு வந்து நின்றார். மேசையைத் தட்டினார். நான்தான் முதலிலேயே சொன்னேனே என்றேன். அதற்கு அவர் சொன்ன பதிலை இன்றுவரை என்னால் செரிக்க முடியவில்லை: "சொன்னே, இல்லேங்கல. ஆனா நான் பயப்படுற மாதிரி சொல்லலியே."

எழுதி வாங்கினேன்

முதலாளியின் எச்சரிக்கைக்குப் பிறகு எனக்குத் தூக்கம் போய்விட்டது. ஐம்பத்திரண்டு வயதில் என்னை யார் வேலைக்கு எடுப்பார்கள்? சரி, சாட்சி வைத்துக்கொள்வோம் என்று ஒரு தாளில் எழுதினேன். "ரிட்டன் வாங்கச் சொன்னார்கள், நான் தான் வேண்டாம் என்றேன்." போக மட்டும் கேட்கிறவர்கள் இதில் கையெழுத்துப் போட வேண்டும்.

முதலில் வந்தவர் புந்தோங்கில் இருக்கும் ஓய்வுபெற்ற வாத்தியார். திருவண்ணாமலையில் வீடு பார்த்துவிட்டாராம். தாளை வாங்கினார். கண்ணாடியை மாற்றினார். சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். இரண்டு இடத்தில் சுழித்து, ஓரத்தில் ஒரு கோடும் போட்டு, கையெழுத்து மட்டும் போடாமல் என்னிடமே நீட்டினார்: "'ரிட்டன்' இல்ல, 'ரிட்டர்ன்'. 'நான்தான்' சேத்து எழுதணும். திருத்தி எழுதிக்கிட்டு வாம்மா, அப்புறம் பாக்கலாம்."

பழனிக்கு இரண்டு பேர்

அடுத்த வாரம் ஒரு கணவன் மனைவி. அவர் சந்தன நெற்றியோடு, பழனியில் குடியேறப் போகிறோம், இரண்டு பேருக்கும் போக மட்டும் போடுங்கள் என்றார். நான் வாயைத் திறக்குமுன் அந்த அம்மா என் மேசைமேல் கையை வைத்து நிறுத்தினார். அவருக்கு எதைப் போட்டாலும் சரி, தனக்குப் போகவர வேண்டும் என்றார். இது எனக்கு முன்னால் வைத்துப் பேசவேண்டிய விஷயமா? அரை மணி நேரம் பேசினார்கள். வரிசையில் நின்றவர்கள் என்னை முறைத்தார்கள், நான் ஏதோ குடும்பத்தைப் பிரிக்கிறவள் மாதிரி. கடைசியில் இருவருக்கும் ரிட்டர்ன் என்று முடிவானது. அவர் கோபமாக வெளியே போய் மோட்டார் சைக்கிளை உதைத்தார். அந்த அம்மா நிதானமாக டிக்கெட்டை மடித்துப் பைக்குள் வைத்தார்: "முப்பத்தஞ்சு வருஷமா இவரு போன பக்கமெல்லாம் போயாச்சு. திரும்பி வாரது எப்படின்னு அவரும் கத்துக்கட்டும்லா."

ரோசம்மா அக்கா

தஞ்சோங் ரம்புத்தானில் ஆஸ்பத்திரிச் சமையலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் ரோசம்மா அக்கா. வேளாங்கண்ணிக் கோவில் பக்கத்திலேயே கடைசிவரை இருந்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. இவர் ஒருவர்தான் நான் சொன்னதைக் கேட்டார். முதலில் ஒரு மாதம் போய்ப் பாருங்கள், திரும்பி வந்து தங்குவதற்கு முறையாக விண்ணப்பம் போடுங்கள் என்றேன். தலையாட்டினார். ரிட்டர்ன் டிக்கெட்தான் வாங்கினார். நானும் அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

இரண்டு நாள் கழித்து, பெட்டியோடு கடை வாசலில் ரோசம்மா அக்கா. விமான நிலையத்துக் கவுண்டரில் இருந்த பெண், எப்போது திரும்பி வருவீர்கள் என்று சும்மாதான் கேட்டிருக்கிறாள். இவர், "வரமாட்டேன்மா, மாதா காலடியிலேயே இருந்துருவேன்" என்று சொல்லியிருக்கிறார். அவள் மேலதிகாரியைக் கூப்பிட, அவர் கேள்விமேல் கேள்வி கேட்க, விமானம் போய்விட்டது. டிக்கெட்டில் தேதி இருக்கிறதே அக்கா, ஏன் இப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். மாதா கோவிலுக்குப் போகும் வழியில் மனசில் இருப்பதை மறைக்க முடியுமா என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

பெட்டியைப் பார்த்ததுமே முதலாளி எழுந்து வந்தார். எத்தனை தடவை சொல்வது, மறுபடியும் ஒன் வே போட்டாயா என்று எல்லோர் முன்னாலும் என்னிடம் கத்தினார். ரோசம்மா அக்கா பெட்டியைக் கீழே வைத்தார். பையிலிருந்து டிக்கெட்டை எடுத்து அவர் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினார்: "இந்தத் தங்கச்சிய ஏன் ஏசுறீங்க தம்பி? டிக்கெட் ரெண்டு வழியும் இருக்கு. என் வாய்தான் ஒன் வே."

நாற்காலி எனக்கே இருக்கிறது. போகிறவர்கள் போகவர வாங்கினாலும் போக மட்டும் வாங்கினாலும், திட்டு மட்டும் தவறாமல் என்னிடமே திரும்பி வருகிறது.