முதல் பக்கம் மாறிய மனு

பருத்தித்துறையில் எங்கள் ஒழுங்கை, அந்தச் சின்னத் தெரு, முடிகிற இடத்தில் கடற்கரை. வள்ளங்களை இழுத்து விடுவது, வலை காயவிடுவது, கருவாடு போடுவது எல்லாம் அங்கேதான். அந்த நிலத்தை வேலி போட்டு அடைத்து விடுதி கட்டப்போகிறார்கள் என்று கதை வந்தபோது முதலில் கொதித்தவர் வாசிகசாலைச் செயலாளர். அவர் எனக்குச் சொந்தமில்லை. ஆனாலும் சின்ன வயதிலிருந்தே அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். அப்பா செத்த வீட்டில் பந்தல் போட்டதிலிருந்து சாம்பல் அள்ளியது வரை கூட நின்றவர்.

எதிர்ப்பு மனுவை நான் எழுதினேன், அவர் திருத்தினார். கையெழுத்து வாங்க வீடு வீடாகப் போனது நான். எல்லோரும் தயங்கினார்கள். கருவாடு போடுகிற அக்கா கேட்டார்:

"பிள்ளை, நீ சொன்னால் வைக்கிறன். பிறகு ஒரு பிரச்சினையும் வராதே?"

"வராது அக்கா. நான் எல்லோ கேக்கிறன்."

அவர் வைத்த பிறகு மற்றவர்களும் வைத்தார்கள். பெயரும் கையெழுத்தும் மட்டுமே உள்ள அந்தத் தாள்களை ஸ்கேன் செய்து, மனுவோடு ஒரே பிடிஎஃப் ஆக இணைத்தேன். "எனக்கு அனுப்பு, நான் பிரதேச செயலகக் கந்தோரிலை குடுக்கிறன்" என்றார் அண்ணை. அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்தேன். பிடிஎஃப் பக்கங்களைப் பிரிக்கவும் சேர்க்கவும் அவருக்குப் பழக்கியதும் நான்தான், வாசிகசாலை விழா மலர் வேலைக்காக.

மாரி மழை முடிந்த கையோடு கடற்கரையில் வேலிக் கம்பிகள் வந்து இறங்கின. அக்காவும் நானும் கந்தோருக்கு ஓடினோம். அங்கிருந்த பெண் கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.

"நீங்கள்தானே சம்மதம் எண்டு எழுதித் தந்திருக்கிறியள்?"

முதல் பக்கத்தில், விடுதியை ஊர் மக்கள் வரவேற்கிறோம் என்று இருந்தது. நான் எழுதாத பக்கம். அதற்குப் பின்னால் வந்ததெல்லாம் நான் வாங்கிய கையெழுத்துகள்.

"உது என்ரை கையெழுத்துத்தான்" என்றார் அக்கா. திரையைப் பார்த்துச் சொல்லவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார்.

நேரே வாசிகசாலைக்குப் போனேன். அண்ணை பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார்.

"என்ன வேலை அண்ணை செய்தனீங்கள்?"

அவர் மறுக்கவில்லை. "மருமோனுக்கு அங்கை மனேச்சர் வேலை குடுக்கினம். ஊருக்கும் நல்லதுதானே."

"அது எங்கடை கையெழுத்தெல்லோ?"

"கையெழுத்திலை நான் கை வைக்கேல்லை. முன் பக்கத்தைத்தான் மாத்தினனான்."

அதை அவர் சாதாரணமாகச் சொன்னார். நான் படியிறங்கி வந்துவிட்டேன்.

புது மனுவோடு மறுபடி வீடுகளுக்குப் போனேன். வாசல் படலை திறக்கவே யோசித்தார்கள். அக்காதான் முடிவு சொன்னார்: "இனிக் கடதாசி வேண்டாம். நாங்களே வாறம்."

மறுநாள் காலை எல்லோரும் கந்தோர் வாசலில் போய் நின்றார்கள். ஒவ்வொருவராக உள்ளே போய், தாங்கள் சம்மதிக்கவில்லை என்று வாயால் சொன்னார்கள். விசாரணை வந்தது. அனுமதி நின்றது. கம்பிகளை லொறியில் திருப்பி ஏற்றிப் போனார்கள்.

அண்ணை இப்போதும் சந்தியில் கண்டால் "சுகமோ பிள்ளை" என்கிறார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறேன். அது எனக்குப் பழகிவிட்டது. பழகாதது வேறொன்று. போன கிழமை அக்காவின் பேத்திக்குப் பள்ளிக்கூட விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தேன். அக்கா அதை வாங்கிக்கொண்டு, "குறை நினையாதை பிள்ளை, இன்னொராளிட்டையும் ஒருக்கா வாசிப்பிச்சுப் பாக்கிறன்" என்றார்.

"ஓம் அக்கா, வாசிப்பியுங்கோ" என்றேன்.